முறைக்குச்சி

மூன்று நாளாக விடாத மழை. கெதுங்சாரி மலையூரில் மழை பெய்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நின்றால்தான் அதிசயமாகப் பேசுவார்கள். ஆனால் இது அந்த மழை இல்லை. கிழக்கே இருந்த கிராம்புத் தோப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. ராத்திரி கேட்டதைவிட ஓடையின் சத்தம் விடியலில் தடித்திருந்தது.

ரஸ்மினி அடுப்படித் தாழ்வாரத்தில் குந்தியிருந்தாள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்துப் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உள்ளங்கையளவு ஓலைத் தட்டு. அதில் நாலு பூ, ஒரு சிட்டிகைச் சோறு, பாதி எரிந்த ஊதுபத்தி. வேலை முடிந்ததும் அதை ஹேண்டில்பாரில் வைத்துக் கட்டுவாள். எத்தனை அவசரமானாலும் அது கட்டாமல் சக்கரம் உருளாது.

"சைக்கிளுக்குச் சோறு வச்சாச்சு. எனக்கு எப்போ?" உள்ளேயிருந்து ஆர்தவான் குரல் கொடுத்தான்.

"சைக்கிள் வேலைக்குப் போகுதுல்ல."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் ஐந்து மாதமாகக் கட்டிலில் கிடக்கிறவனிடம் வேடிக்கைக்கும் ஒரு அளவு இருக்கிறது. கிராம்புப் பறிப்பில் ஒற்றை மூங்கில் ஏணி முறிந்து விழுந்தவன். இடுப்பெலும்பு ஒட்டிவிட்டது என்றார்கள். கால் மட்டும் அதை நம்பவில்லை. ஊர் பார்க்க வரும் வெளிநாட்டு விருந்தாளிகளை ஏரிக்கரை மேட்டிலிருந்து கடல்வரை சைக்கிளில் கூட்டிப்போகும் வேலை அவனுடையது. விழுந்த பத்தாம் நாள் அவனுடைய சைக்கிளை அவள் எடுத்தாள். சீட்டை இரண்டு விரற்கடை இறக்கினாள். மாற்றியது அவ்வளவுதான்.

சோற்றுக் கஞ்சியில் மீன்கருவாடும் மிளகாய்ச் சாந்தும் வைத்து அவனுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் ஸ்கூட்டர் சத்தம். ஆர்தவானின் தம்பி சுமெர்தா. மழைக்கோட்டின் உள்ளே கையை விட்டுக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், இன்னும் சூடாக.

"இந்தாங்க மதினி. இந்த மழையில வேலைக்கா?"

"வெயில்ல வர்றவங்களுக்கு நான் எதுக்கு? அவங்களே உருண்டு போயிருவாங்க."

சுமெர்தா சிரித்தான். நன்றாகச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே அவன் கண் அடுப்படித் தூணுக்குப் போனது. அங்கேதான் ஆணியில் முறைக்குச்சி தொங்கியது.

சாணளவு மூங்கில். சூட்டுக்கோலால் போட்ட இரண்டு கீறலும் ஒரு புள்ளியும் அந்த வீட்டு அடையாளம். அணையில் மராமத்து என்று குல்குல் கட்டையை அடித்தால், சுபாக் என்கிற பாசனச் சங்கத்தில் பங்குள்ள நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் வீட்டுக்கொருவர் போய்க் குச்சியைக் கூடையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டும். போடாத வீட்டுக்கு, தண்ணீரைப் பிரிக்க வாய்க்காலின் குறுக்கே போட்ட பங்கு மரத்தில் வெட்டியிருக்கும் அதன் வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். அடுத்த நடவுவரை வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இது போக இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டுக் குச்சியைத் தொடர்ந்து மூன்று முறை யார் போடுகிறாரோ, அந்த வாய் அவருடையது. ஆள் போன வீடுகளின் வயல் தரிசாகாமல் இருக்க எவரோ நல்ல மனசோடு வைத்த வழக்கம்.

ஆர்தவான் விழுந்ததிலிருந்து குல்குல் இரண்டு முறை அடித்திருந்தது. இரண்டு முறையும் குச்சியை வாங்கிப்போய்ப் போட்டவன் சுமெர்தா.

"குச்சியைக் குடுங்க. இன்னைக்கு அடிச்சிருவாங்க. அணை வாயில மூங்கில் புதரே வந்து குந்தியிருக்காம்," என்றான்.

ரஸ்மினி கையைத் துடைத்தாள். "இது மூணாவது."

"அட, எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

"நீ எண்ணலியா?"

"நான் என்ன அந்நியனா மதினி? வாய் எம் பேருக்கு வந்தா என்ன, அண்ணன் பேருல இருந்தா என்ன? ஒரே ரத்தம்."

"ரத்தம் ஒண்ணுதான். தண்ணி வேற வேற."

கடற்கரைப் பக்கமிருந்து ஒருவர் இரண்டு தடவை வந்து அவர்கள் வயல் வரப்பில் நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுத்துப் போனதும், அவருக்குக் குடை பிடித்தது சுமெர்தா என்பதும் ஊருக்கே தெரியும். விருந்தாளிக் குடில் கட்ட நல்ல இடமாம். தண்ணீர் போன வயலை யாரும் விலை பேச வேண்டியதில்லை; தானே கைக்கு வரும்.

ஆர்தவான் ஊன்றுகோலில் தொங்கியபடி வாசல்படிக்கு வந்திருந்தான். "குடுத்துருவோம் ரஸ்மினி. வாயடைச்சிட்டா நாத்து போயிரும்," என்றான் மெதுவாக.

அவள் தூணிடம் போனாள். குச்சியை எடுத்தாள். சுமெர்தா கையை நீட்டினான். அவளோ சைக்கிள் சட்டத்தில் தொங்கிய கருவிப் பையைத் திறந்து, உபரி டியூப்களுக்கும் விருந்தாளிகளுக்கான கோயில் கைலிகளுக்கும் நடுவே அதைச் செருகி மூடினாள்.

"மதினி, என்ன இது?"

"எங்கூட வரட்டும். பாவம், அதுவும் ஆணியிலயே தொங்குது. மலையைப் பாக்கட்டும்."

சுமெர்தா அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தான். ஸ்கூட்டர் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது.

"உம் மனசுல என்னதான் இருக்கு?" ஆர்தவான் கேட்டான். "மத்தியானத்துக்குள்ள அடிச்சா என்ன செய்வே? அவன் போடக்கூடாது, சரி. நான் இந்தக் கம்புல தொங்கிக்கிட்டு வெள்ளத்துல இறங்கவா? பொம்பள போட்டதுண்டா?"

பெண்கள் அணைக்கரைக்குச் சோறும் காபியும் கொண்டுபோவார்கள். குச்சி போட்டதில்லை. போடக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, போடலாமா என்று யாரும் கேட்டதுமில்லை. குடுக்க மாட்டேன் என்ற ஒன்றுதான் அவள் நெஞ்சில் இருந்தது. அதற்குமேல் யோசனை ஓடவில்லை.

"பழம் ஆறுது, சாப்பிடு," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினாள்.

*

மேட்டில் அன்றைக்கு ஒரே ஒரு விருந்தாளி. மரேக் என்று பெயர். போலந்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், வீடுகளுக்கு ஓடு வேய்கிறவர். மனைவி முந்தின நாள் மிளகாய்ச் சாந்தை ஊறுகாய் மாதிரி அள்ளித் தின்றுவிட்டு விடுதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நீயாவது போ என்று இவரைத் தள்ளிவிட்டிருந்தாள். வேனிலிருந்து இறங்கிய மனுஷர் ஏரி இருக்கவேண்டிய திசையைப் பார்த்தார். வெள்ளை. எரிமலை இருக்கவேண்டிய திசையைப் பார்த்தார். அங்கேயும் வெள்ளை.

"ஏரி எங்கே?"

"அங்கேதான் இருக்கு மிஸ்டர். எங்கேயும் போகல."

"இந்த மழை நிக்குமா?"

"நிக்கும்."

"எப்போ?"

"ஏப்ரல்ல."

மரேக் முகத்தில் சிரிப்பே வரவில்லை. ஆனால் ஹெல்மெட் வாரைக் கட்டினார். வேன் கீழே கடற்கரைக்குப் போய்க் காத்திருக்கும். நடுவே இருபத்தாறு கிலோமீட்டர்.

அவரை முன்னால் விடாமல் அவளே முன்னால் இறங்கினாள். காபித் தோட்டத்து மண்பாதை சிவப்பு ஓடையாகியிருந்தது. "முன் பிரேக்கைத் தொடாதீங்க! பின்னால பிடிங்க, மெதுவா, மாட்டுக்குக் கயிறு விடுற மாதிரி விட்டு விட்டுப் பிடிங்க!" என்று திரும்பிப் பாராமலே கத்துவாள். பின்னாலிருந்து அவருடைய மொழியில் என்னவோ வசவு வரும். வசவு வரும்வரை ஆள் விழவில்லை என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் அவள் நிற்பாள். இரண்டு முறை நின்றது. இரண்டாம் முறை அவர் காபிச் செடிக்குள் முழங்கால்வரை சேற்றில் உட்கார்ந்திருந்தார், யாரோ அழைத்து உட்கார வைத்த மாதிரி.

"அடிபட்டுச்சா?"

"மரியாதைக்கு மட்டும்," என்றார்.

கிராம்புத் தோப்பு முனையில் ஒரு தகரக் கடை. அங்கே நிறுத்தி, சக்கை மிதக்கும் கறுப்புக் காபி வாங்கிக் கொடுத்தாள். வேகவைத்த சர்க்கரைவள்ளி ஆவி பறந்தது. மரேக் தோலோடு தின்றார். மழை தகரத்தில் விழும் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அப்போதுதான் கீழேயிருந்து வந்தது. டொக்... டொக்... டொக்-டொக்-டொக்.

பலாமரத்தைக் குடைந்த குல்குல். கோயில் விழாவுக்கு ஒரு தாளம், சாவுக்கு ஒரு தாளம், தண்ணீருக்கு ஒரு தாளம். கடைக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அணைக்கு," என்றாள். பிறகு, "உன் வீட்டுக்கு யாரு போறா?"

ரஸ்மினியின் கை கருவிப் பைமேல் இருந்தது. மூன்று சுற்று அடிப்பார்கள். மூன்றாவது முடிந்ததும் சங்கத் தலைவர் கூடையோடு கிளம்பிவிடுவார். தார் ரோட்டில் சுற்றிப்போனால் முக்கால் மணி நேரம். தோப்புக்குள் குறுக்கே இறங்கினால், கீழே விழாமல் போனால், இருபது நிமிஷம்.

"மிஸ்டர், எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும். நம்ம வழியில இல்ல. விருந்தாளியை வழி மாத்திக் கூட்டிப்போனா முதலாளி என்னை நிறுத்திருவாரு. வேனை இங்க வரச்சொல்றேன். நீங்க அதுல போயிருங்க."

"என்ன இடம்?"

"எங்க வீட்டுத் தண்ணி."

மரேக் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். "அங்கேயும் மழைதானே?"

"அங்கே இன்னும் ஜாஸ்தி."

"அப்ப வர்றேன். இதுக்கு மேல நனையறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

தோப்புச் சரிவில் யாரும் சைக்கிள் ஓட்டியதில்லை. பறிக்க வருகிறவர்கள்கூட உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார்கள். சருகு மெத்தைக்கு அடியில் வேர்கள் எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தன. ரஸ்மினி சீட்டுக்குப் பின்னால் உடம்பைத் தள்ளி, சக்கரத்தின்மேல் வயிறு உரசுமளவு தணிந்து, விட்டு விட்டுப் பிடித்து இறங்கினாள். ஆர்தவான் விழுந்த மரத்தைக் கடந்தாள். முறிந்த ஏணியின் பாதி இன்னும் அதில் சாய்ந்துதான் இருந்தது. ஐந்து மாதமாக அந்தப் பக்கம் வராமல் சுற்றிப்போனவள். இன்றைக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

இரண்டாம் சுற்று அடித்தது.

பின்னால் வசவு நின்றது. இவள் நிற்கவில்லை. பிறகு மறுபடி வசவு கேட்டது, முன்னைவிட உரக்க. மனுஷர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

*

அணைக்கரைக்கு இறங்கும் கற்படிகளின் தலையில் அவள் சைக்கிளைக் கிடத்தியபோது மூன்றாம் சுற்று ஓய்ந்திருந்தது. கீழே ஓடை மரவள்ளிக் கூழ்போலத் திரண்டு புரண்டது. மதகு வாயை அடைத்துக்கொண்டு ஒரு மூங்கில் புதர், வேரும் மண்ணுமாக, அதன்மேல் இரண்டு மரத்தண்டு. தண்ணீர் வாய்க்காலுக்குள் போக வழியில்லாமல் கரையைக் கரண்டிக்கொண்டிருந்தது. கரையில் ஆண்கள் வரிசையாக, வாழையிலையும் சாக்கும் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். சங்கத் தலைவர் பான் ரெம்பென் கூடையோடு ஒவ்வொருவரிடமாக வந்துகொண்டிருந்தார். அவர் வாயில் எப்போதும் ஒரு கிராம்புச் சிகரெட் உண்டு. மழைநாளில் அதைப் பற்றவைக்க மாட்டார். இருந்தாலும் வாயில் இருக்கும்.

வரிசையின் கடைசியில் சுமெர்தா. அவன் பக்கத்தில் மதகுச் சுவர்மேல், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த கோழியாக ஆர்தவான். தம்பி ஸ்கூட்டரில் தூக்கி வந்திருக்கிறான்.

"ஆர்தவான் வீடு?" பான் ரெம்பென் கேட்டது படிவரை கேட்டது.

"குச்சி மதினி பையில இருக்கு மாமா. மலைக்குக் கொண்டுபோயிருச்சு. அண்ணனே வந்திருக்கு, கேட்டுக்குங்க. அண்ணனுக்குப் பதிலா நான் இறங்கறேன். மூணாவது முறைன்னு எழுதிக்குங்க. குச்சி பின்னால வரும்."

"குச்சி இல்லாம கை கிடையாது."

"மாமா, அண்ணனே சொல்லுது..."

"மாமா, குச்சி வந்துருச்சு!" என்று கத்தினாள் ரஸ்மினி.

நாற்பது தலைகளும் நிமிர்ந்தன. முழங்கால்வரை சைக்கிள் கால்சட்டை, தலையில் ஆர்தவானின் மஞ்சள் ஹெல்மெட், முகமெல்லாம் செம்மண். அணை ஓரத்தில் குட்டிக் கோயில் ஒன்று இருந்தது. அதனால் படியிலேயே நின்று, சைக்கிளிலிருந்து கழற்றிய கருவிப் பையிலிருந்து விருந்தாளிகளுக்கான கைலி ஒன்றை எடுத்து இடுப்பில் சுற்றிக் கச்சையைக் கட்டினாள். இன்னொன்றை மரேக்கிடம் நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் மழைக்கோட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, போனை அதற்குள் போட்டு, அதையும் அவர் கையில் கொடுத்தாள்.

பையோடு நேரே நடந்து போய், அதை மதகுச் சுவரோரம் வைத்துவிட்டு, குச்சியைக் கூடையில் போட்டாள். டக்கென்று விழுந்தது.

பக்கத்தில் நின்றவர்கள் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"மதினி, இது என்ன விளையாட்டு?" சுமெர்தா முன்னால் வந்தான். குரலில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் மெலிந்துவிட்டது. "கோயில் ஓரம் இது. பொம்பளைங்க வர்றதுக்கு முன்னாடி... நாளு கீளு பாத்தீங்களா? சுத்தமா இருக்கீங்களா?"

சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரஸ்மினி குனியவில்லை.

"எந் தேதி உனக்கெதுக்கு? உம் பொண்டாட்டி தேதியே உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மூணு வருஷத்துல மூணு பிள்ளை எப்படி?"

வரிசையில் யாரோ வாழையிலைக்குள் குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு ஆள் மாறி ஆள் தொற்றியது. சுமெர்தாவின் காது சிவந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்க. எப்பவாவது நடந்திருக்கா?"

பான் ரெம்பென் பற்றாத சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். அவர் அதை எடுத்தால் யோசிக்கிறார் என்று பொருள். "நடந்ததில்ல," என்றார்.

"விதி என்ன சொல்லுது மாமா?" ரஸ்மினி கேட்டாள்.

"வீட்டுக்கு ஒரு சோடிக் கை."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். பிரேக் கட்டைக் கரியும் சங்கிலிக் கிரீஸும் மழையில் கரையாமல் நகக்கண்ணுக்குள் அப்பியிருந்தன.

"ஆம்பளக் கைன்னு தனியா எழுதணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!" என்றான் சுமெர்தா.

"எழுதலைல்ல," என்றாள்.

வரிசையில் நின்ற ஒரு பல்போன மனுஷர் அந்தக் கைகளை எட்டிப் பார்த்தார். "எங் கையைவிட இதுதான்டா ஆம்பளக் கை மாதிரி இருக்கு."

பான் ரெம்பென் சிரிக்கவில்லை. மதகுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். "ஆர்தவான், வீடு உன்னோடது. நீ என்ன சொல்றே?"

மழை அவன் மூக்கு நுனியிலிருந்து ஊன்றுகோலில் சொட்டியது. காலையில் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தது போலவே இப்போதும் எதையாவது பார்த்துத் தப்பித்துக்கொள்வான் என்றுதான் ரஸ்மினி நினைத்தாள். அப்படிச் செய்தால் இந்த இடத்திலேயே, இத்தனை பேர் முன்னாலேயே, அவனை விட்டுவிடுவதென்றுகூட ஒரு கணம் நெஞ்சு கொதித்தது. அவன் பார்த்தது படித்தலையில் கிடந்த சைக்கிளை.

"என்னைக் கேக்காதீங்க மாமா," என்றான். "என் சைக்கிளை அஞ்சு மாசமா அவ ஓட்டறா. நான் குடுக்கல, அவளே எடுத்துக்கிட்டா. ஊருல ஆளாளுக்கு எங்கிட்ட வந்து, இவளைப் போய் ஓட்ட விட்டிருக்கியேன்னாங்க." ஊன்றுகோலால் சைக்கிளைக் காட்டினான். "நல்லாத்தான் ஓட்டறா. தோப்புக்குள்ள இறங்கி வந்திருக்கா, பாருங்க. அந்தச் சரிவுல நான் இறங்கினதில்ல."

"அண்ணே!"

"நீ பேசாத சுமெர்தா. குச்சி எங்கே இருக்கு? கூடையில இருக்கு."

பான் ரெம்பென் கூடைக்குள் பார்த்தார். "கூடையில விழுந்த குச்சியை எடுத்து வெளிய போட்ட வழக்கம் இங்க இல்ல," என்றார் கடைசியில். "ஆனா கேட்டுக்க பொண்ணே. இறங்கினா முடியிறவரை நிக்கணும். பாதியில கரையேறினா இன்னைக்கே களிமண் வைப்பேன். உனக்குன்னு சலுகை கிடையாது."

"இருந்தா கோவிச்சுக்குவேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மலைத் தண்ணீர், எலும்புவரை போய்க் கேட்டுவிட்டு வரும் குளிர். தினமும் மேட்டை மிதித்த தொடைகள் மட்டும் வேர்விட்டதுபோல நின்றன. கொடுவாளால் மூங்கிலை ஒவ்வொரு கழியாக வெட்டி, கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்குக் கடத்தினார்கள். சாக்கில் கல் நிரப்பி, கரண்டிய இடத்தில் அடுக்கி, தென்னோலையும் வாழைத்தண்டும் திணித்து, மேலே களிமண் மிதித்தார்கள். சோறு கொண்டுவந்த பெண்கள் கரையில் கூடைகளை இறக்காமலே நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "ரஸ்மினி, கால அகட்டி நில்லு! இழுத்துரும்!" என்று கத்தினாள்.

மரேக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடு சுமந்த மனுஷர். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கல்லை எடுத்துவிட்டார்.

"மிஸ்டர், கீழ போடுங்க!"

"என்னால முடியும். நான் பலமான ஆள்."

"அதனாலதான் வேண்டாங்கறேன். நீங்க ஒரு கல் தூக்கினீங்கன்னா, நாளைக்கு ஊரு அதைத்தான் சொல்லும். இது எங் கை வேலை. நீங்க ஹெல்மெட்டைப் பிடிங்க."

அவர் கல்லை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம், பூக்கைலியில், சேற்றுத் தாடியோடு கோயில் காவல் சிலைமாதிரி நின்றார். நடுவே ஹெல்மெட்டுக்குள் போன் அடித்தது. அவரே எடுத்தார். மறுமுனையில் முதலாளி என்னவோ படபடத்தார். "நான் நல்லா இருக்கேன். வழிகாட்டி வேலையா இருக்காங்க. அப்புறம் கூப்பிடுங்க," என்று சொல்லி மறுபடி ஹெல்மெட்டுக்குள் போட்டார்.

கடைசியாக நின்றது அந்த இரண்டு மரத்தண்டில் ஒன்று, கனத்த அடிமரம். வழுவழுத்த மரத்தில் கயிறு நிற்கவில்லை. மூன்று முறை கட்டினார்கள், மூன்று முறையும் இழுத்தவர்கள் மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். நீர் ஏறிக்கொண்டிருந்தது. ரஸ்மினிக்குப் பல் கிட்டிவிட்டது. விரல்கள் தன்னுடையவையாகவே தோன்றவில்லை. கரையில் சுமெர்தா களிமண் உருண்டைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பங்கு இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போகவில்லை.

"ஏறிருங்க மதினி! உதடெல்லாம் நீலமாயிருச்சு!" என்றான். அக்கறையாகவே இருந்திருக்கலாம்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "பையைத் தூக்கிப் போடு!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். ஆர்தவான் ஊன்றுகோலின் நுனியால் கருவிப் பையின் வாரைக் கொக்கியிட்டு இழுத்து வீசினான். உள்ளேயிருந்து இரண்டு சைக்கிள் டியூப்களை உருவி, வால்வுப் பக்கத்தைக் கொடுவாளால் அறுத்து, ஒன்றோடொன்று முடிந்து, அடிமரத்தில் நாலு சுற்றுச் சுற்றினாள். ரப்பர் ஈர மரத்தைக் கவ்விக்கொண்டது. அதன்மேல் கயிற்றைப் போட்டு முடிந்தாள்.

"இழுங்க!"

"முதலாளி சொத்துடி அது!" என்றான் ஆர்தவான் கரையிலிருந்து.

"திருப்பிக் கேட்டா மரத்தோட குடுத்துருவோம்! இழுங்க!"

இழுத்தார்கள். கயிறு வழுக்கவில்லை. மரம் ஒரு முறை புரண்டு படுத்து, மதகை விட்டு விலகியது. அடைபட்ட தண்ணீர் வாய்க்காலுக்குள் பாய்ந்த சத்தத்தில் யாரும் ஆரவாரம் போட்டார்களா என்றே தெரியவில்லை. அவள் ஏறவில்லை. கடைசிச் சாக்கு வைத்து, கடைசி மண்ணை மிதித்து, பான் ரெம்பென் கையைக் காட்டிய பிறகு, மற்றவர்களோடுதான் ஏறினாள்.

பங்கு மரம் மதகுக்குக் கீழே குறுக்கே கிடந்தது, நாற்பத்தொரு வெட்டு வாயோடு. அவர்கள் வீட்டுக்கான பதினாலாவது வாயில் ஒரு கிராம்பு இலை சிக்கி நின்று, நடுங்கி, அதைத் தாண்டி வயல்பக்கம் போனது.

பான் ரெம்பென் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக் குச்சிகளைத் திருப்பிக் கொடுத்தார். "ஆர்தவான் வீடு" என்றபோது அவள் கையை நீட்டினாள். கொடுத்தார். பிறகு அந்தச் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை டியூப் கொஞ்சம் அதிகமாக் கொண்டா," என்றார்.

ஒருத்தி சூடான சோற்றுப் பொட்டலம் இரண்டு கொண்டுவந்து ரஸ்மினி கையில் வைத்தாள். வேலை செய்த ஆண்களுக்கு வைக்கிற அளவு. ஒன்றை மரேக்குக்குக் கொடுத்தாள். அவர் மிளகாய்ச் சாந்தைச் சந்தேகமாகப் பார்த்து, ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தின்றார்.

மதகுச் சுவர்மேலிருந்து ஆர்தவான் கையை நீட்டினான். "குச்சியைக் குடு. ஆணியில மாட்டறேன்."

அவள் குச்சியைக் கைலி நுனியில் துடைத்தாள். அவனைப் பார்த்தாள், கோபமில்லாமல். பிறகு கருவிப் பையைத் திறந்து, டியூப் இருந்த இடத்தில் அதைச் செருகி மூடினாள்.

"இது இங்கேயே இருக்கட்டும்," என்றாள். "மழைக்காலம் இன்னும் முடியல."

ஆர்தவானின் கை கொஞ்ச நேரம் மழையில் நீண்டே இருந்தது. பிறகு அதே கையால் தனக்கு வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த மீன்துண்டை எடுத்து அவள் வாயில் ஊட்டினான். நாற்பது பேர் பார்க்க, அவள் வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கு எப்படிப் போவே?" என்று கேட்டாள், மென்றுகொண்டே.

"கூட்டிக்கிட்டு வந்தவனே கொண்டுபோய் விடட்டும்." ஆர்தவான் தம்பியைப் பார்த்தான். "என்னடா? ஒரே ரத்தந்தானே?"

சுமெர்தா ஸ்கூட்டரைத் திருப்பினான்.

படித்தலையில் ஹேண்டில்பாரின் ஓலைத் தட்டு நைந்துபோயிருந்தது. பூ ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓலை மட்டும் கட்டு விடாமல் இருந்தது. அவள் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்தாள்.

"முடிஞ்சுதா?" மரேக் கேட்டார்.

"கடல் வரைக்கும் இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருக்கு மிஸ்டர். உபரி டியூப் கிடையாது. அதனால பாத்து வாங்க," என்று சொல்லி, மழைக்குள் முதலில் இறங்கினாள்.